மரேகேக் கரையின் அறிவிப்பாளர்கள்

ஹதீஸ் கலை பயிலத் தொடங்கும் மாணவனுக்கு முதலில் கற்பிக்கப்படுவது, சொல்லப்பட்டது யாது என்பதோடு சொன்னவர் யார் என்றும் கேட்க வேண்டும் என்பதாகும். அறிவிப்பாளர் தொடர் அறுபட்ட செய்தி, எவ்வளவு அழகியதாயினும், பலவீனமானதே. இவ்வளவுகோல் வரலாற்றுத் துறைக்கும் பொருந்தக்கூடியது. எழுத்தில் அன்றி நினைவில் வரலாற்றைப் பேணிவந்த தொல்குடியினரை விலக்கிவிட்டு அவர்தம் வரலாற்றை எழுதுவோர், அறிவிப்பாளரை நீக்கிவிட்டுச் செய்தியை மட்டும் கைக்கொள்வோரையே ஒப்பர். இதற்கு ஆஸ்திரேலியாவின் வடகரை தக்கதொரு சான்றாகும்.

அக்கண்டத்தின் வரலாறு, 1770ஆம் ஆண்டில் கேப்டன் குக் வந்ததிலிருந்தே தொடங்குவதுபோல் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அதற்கு முன்னர் அது உலகத் தொடர்பின்றித் தனித்துக் கிடந்தது என்பது பொதுவான எண்ணம். ஆயின் ஆர்னம் லாந்து என வழங்கும் வடபகுதியில் வாழும் யோல்ங்கு மக்களின் நினைவு வேறொன்றைக் கூறிற்று. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள மக்காசரிலிருந்து முஸ்லிம் மாலுமிகள் ஆண்டுதோறும் மரக்கலங்களில் அங்கு வந்தனர். டிசம்பர் அளவில் வடமேற்குப் பருவக்காற்றில் வந்து, காற்றுத் திரும்பியதும் ஊர் மீள்வது அவர்களின் வழக்கம். அவர்கள் நாடி வந்தது, மன்னார் வளைகுடாக் கரையோர மக்கள் நன்கறிந்த கடல் அட்டையை. அதை வேகவைத்து, உலர்த்தி, சீனச் சந்தைக்கு அனுப்பினர். அந்தக் கரையை அவர்கள் ‘மரேகே’ என்றழைத்தனர்.

1803ஆம் ஆண்டில் ஆங்கிலேய மாலுமி மேத்யூ பிளிண்டர்ஸ் அக்கடலில் போபாசோ என்னும் மக்காசர்த் தலைவரைச் சந்தித்தார். அறுபது மரக்கலங்களில் ஆயிரம் பேர் வந்திருப்பதாக அவர் கூறியதைப் பிளிண்டர்ஸ் பதிந்துள்ளார். அக்கரையை அப்போது நிருவகித்த தெற்கு ஆஸ்திரேலிய அரசு உரிமம் வழங்க மறுத்ததால், 1907ஆம் ஆண்டோடு இப்போக்குவரத்து முடிவுற்றது. இரு கரைகளிலும் உறவினர்கள் ஒருவரையொருவர் இழந்தனர்.

கப்பல்கள் நின்றன, நினைவு நிற்கவில்லை. யோல்ங்கு மொழியில் பணத்திற்கு ‘ருப்பியா’ என்று பெயர். நம் ரூபாய்க்கு உறவான சொல் அது. வெள்ளையரைக் குறிக்கும் ‘பலண்டா’ என்பது, டச்சுக்காரரை மக்காசர் மக்கள் அழைத்த பெயர். கொடி, வாள், துணி, நங்கூரம் ஆகியன யோல்ங்கு மக்களின் சடங்குப் பாடல்களில் இன்றும் இடம்பெறுகின்றன. மாலுமிகள் கொண்டுவந்த புளியின் வித்துகள் கடற்கரையெங்கும் மரங்களாயின. அரபியர் ‘தம்ர் ஹிந்தி’ என்றழைத்த அதே புளிதான் அது.

இச்சான்றுகளை ஆய்வுலகம் உரியவாறு அறிந்தது, அம்மண்ணின் மக்களோடு அமர்ந்த பின்னரே. இர்க்காலா என்னும் ஊருக்கு அருகில், 19ஆம் நூற்றாண்டில் யோல்ங்கு மக்கள் தரையில் கற்களை அடுக்கி அமைத்த உருவங்கள் உள்ளன. விளக்குவார் இல்லையேல் அவை வெறுங்கற்களே. மக்காசர் மரக்கலத்தின் அறைகள் இவை, வீடுகள் இவை, கடல் அட்டையை வேகவைத்த அடுப்புகள் இவை என்று யோல்ங்கு முதியோர் எடுத்துரைத்தபோது அவை ஆவணங்களாயின. அவ்விடம் 2013ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஜூலிர்ரி என்னும் பாறைக் குகையில் தீட்டப்பட்ட மரக்கல ஓவியமொன்றின் மேல், தேன்மெழுகாலான பாம்புருவம் ஒட்டப்பட்டுள்ளது. அம்மெழுகின் காலத்தைக் கணித்ததில், அடியிலுள்ள ஓவியம் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கோ அதற்கு முன்னரோ உரியது எனத் தெரியவந்தது. 2010ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின் ஆசிரியர்களுள், அந்நிலத்தின் மரபுவழி உரிமையாளரும் ஒருவர். தகவல் தந்தவர் என அடிக்குறிப்பில் ஒதுக்கப்படாமல் ஆசிரியர் வரிசையில் அவர் அமர்ந்ததே நாம் கவனிக்கத்தக்கது. 1988ஆம் ஆண்டில், பழைய முறைப்படி கட்டப்பட்ட ‘ஹாதி மரேகே’ என்னும் மரக்கலம் மக்காசரிலிருந்து மீண்டும் ஆர்னம் லாந்துக் கரையை அடைந்தது. ‘மரேகேயின் இதயம்’ என்பது அப்பெயரின் பொருள்.

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. யோல்ங்கு மக்களுள் வர்ராமிரி குலத்தாரின் சடங்குகளில் ‘வாலிதவாலித’ என்றொரு பெயர் வருகிறது. அக்குலத்தின் முதியவர் டேவிட் புர்ருமர்ராவோடு பல்லாண்டு உரையாடி எழுதிய மானிடவியலாளர் இயன் மெக்கின்டாஷ், இப்பெயரை ‘அல்லாஹு தஆலா’ என்பதோடு தொடர்புபடுத்துகிறார். இதைப் படித்தவுடன், ‘குக்கிற்கு முன்னரே ஆஸ்திரேலியாவில் இஸ்லாம்’ என்று மேடையில் முழங்க நம் நாவு துடிக்கும். இச்செய்தியை முதன்முதலில் படித்த நாளில் எனக்கும் அந்த ஆசை எழுந்தது. ஆயின் அம்மக்கள் இஸ்லாத்தைத் தழுவியவர்கள் என்று மெக்கின்டாஷ் கூறவில்லை. வந்தவர்களிடம் கேட்டதை அவர்கள் தம் உலகப் பார்வைக்குள் ஏற்று, தமக்கேயுரிய பொருளை அளித்துக்கொண்டனர். அவர்களின் சடங்கை நம் பெருமைக்குச் சான்றாக்குவது, குக்கிடமிருந்து வரலாற்றைத் தொடங்கியவர் செய்த அதே பிழையை வேறு பெயரில் செய்வதாகும். அங்கும் அறிவிப்பாளர் நீக்கப்படுகிறார், இங்கும் நீக்கப்படுகிறார்.

ஆகவே தொல்குடியினரின் மரபை மீட்க அவர்களோடு கைகோப்பதென்பது அவர்களுக்காகப் பேசுவதன்று. அனுமதி கேட்டு நுழைதல், அவர்கள் மறைக்க விரும்புவதை மறைவாகவே விடுதல், கண்டறிந்ததை முதலில் அவர்களிடமே சேர்ப்பித்தல் ஆகிய மூன்றும் அதன் ஒழுங்குகளாகும். பிறருடைய பொருள் நம் கைக்கு வரின் அது அமானிதம் என்று நாம் கற்றிருக்கிறோம். பிறருடைய நினைவும் அத்தகையதே. அதை உரியவரின் பெயரோடும் பொருளோடும் ஒப்படைப்பவரே நம்பகமான அறிவிப்பாளர்.