பழைய காரின் ரப்பர் குழாய்கள்: சிறு செலவும் பெருஞ்செலவும்

நம் வணிகர்களில் பலரிடம் இன்றும் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கிறது. தந்தையார் வாங்கிய ராசியான வண்டி என்று விற்க மனமில்லாமல் வைத்திருப்போர் உண்டு. மார்க்கெட்டுக்கும் வசூலுக்கும் அதிலேயே போய்வருவோரும் உண்டு. உத்தரபாரா தொழிற்சாலையில் இதன் தயாரிப்பு 2014-ஆம் ஆண்டு நின்றுவிட்டது. கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது கடந்துவிட்டது என்று பொருள். ஆயிலையும் டயரையும் கவனிக்கும் நாம், இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் குழாய்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

காற்றின் கணக்கு

1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த அளவைப் பார்த்துக் கலப்பது கார்புரேட்டர். அதற்கு முன்னால் இருப்பது ஏர் ஃபில்டரிலிருந்து சுத்தமான காற்று வரும் வழி. அதற்குப் பின்னால் இன்ஜின் உறிஞ்சும் இழுப்பு இருக்கிறது. பவர் பிரேக் உள்ள பெட்ரோல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய் இந்த இழுப்பைக் கொண்டுதான் வேலை செய்கிறது.

முன்பக்கக் குழாய் வெடித்தால், ஃபில்டரைத் தாண்டித் தூசி உள்ளே போகும். அது பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்க்கும். பிறகு ஆயில் குறையும், நீலப்புகை வரும், ரீபோர் வேலையில் போய் முடியும்.

பின்பக்கக் குழாய் வெடித்தால் பாதிப்பு வேறு. தராசில் நிறுத்த பிறகு மூட்டையில் சேரும் சரக்கு கணக்கில் வராதல்லவா? கார்புரேட்டரைத் தாண்டிப் புகும் காற்றும் அப்படியே. கலவையில் பெட்ரோல் விகிதம் குறையும், ஐடிலிங் நிலையாக நிற்காது, இன்ஜின் திக்கும். பூஸ்டர் குழாயில் ஓட்டை என்றால் பிரேக் மிதி கல்லாக இறுகும். இது பணத்தைப் பற்றிய விஷயம் அல்ல, உயிரைப் பற்றியது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்ஜின் ஆறியிருக்கும்போது குழாயை வளைத்துப் பாருங்கள். வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரைக் காய்ந்து வெடிக்கச் செய்யும்; ஆயில் பட்ட ரப்பர் ஊறி மெதுமெதுவென்றாகும். இரண்டும் மாற்ற வேண்டியவையே. ஃபில்டருக்குப் பிந்திய குழாயின் உட்புறம் விரலால் தடவி, தூசி ஒட்டினால் எங்கோ வழி இருக்கிறது என்று அறியலாம்.

வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பின்பக்க இணைப்புகளில் சிறிது தண்ணீர் தெளியுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் கசிவு அங்கே. பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் தண்ணீர் போகக்கூடாது. ஃபேனுக்கு அருகே கை, துண்டு போகக்கூடாது. தண்ணீருக்குப் பதில் பெட்ரோல் தெளிப்பது தீயை அழைப்பதாகும்.

பூஸ்டருக்கும் ஒரு சோதனை உண்டு. இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

வாங்கும்போது

பருப்பில் பழைய இருப்பைக் கண்டுபிடிக்கும் நமக்கு இது கடினமல்ல. ரப்பர் அலமாரியில் இருந்தாலும் வயதாகும். தயாரிப்புத் தேதி அச்சிட்டிருந்தால் பாருங்கள். வளைத்தால் வெள்ளைக் கீறல் விழுவதை வாங்காதீர்கள். ரேடியேட்டர் குழாயை வெட்டி இந்த இடத்தில் போடும் வழக்கம் தவறு. தண்ணீருக்கான ரப்பர் பெட்ரோல் ஆவியிலும் ஆயிலிலும் ஊறிப்போகும். இழுப்பு உள்ள இடத்துக்குச் சுவர் தடித்த வேக்குவம் குழாயே வேண்டும். மெல்லியது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். பிரேக் பூஸ்டருக்கு அதற்கென்றே வரும் குழாயைத் தவிர வேறு வேண்டாம்.

பொருத்தும்போது

பழைய குழாயை முறுக்கி இழுக்காமல் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுக்கச் சொல்லுங்கள். துணுக்குகள் உள்ளே விழாதபடி வாயைச் சுத்தத் துணியால் அடைத்து, வேலை முடிந்ததும் மறவாமல் எடுக்க வேண்டும். புதியது ஏறாவிட்டால் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் கூடாது. கிளிப்பை அளவோடு இறுக்க வேண்டும். மிஞ்சினால் ரப்பரையே அறுத்துவிடும். சைலன்சர் மேனிஃபோல்டின் சூட்டில் குழாய் உரசக்கூடாது. ஒன்று வெடித்திருந்தால் அதே வயதுள்ள மற்றவற்றையும் சேர்த்தே மாற்றுவது சிக்கனம்.

மாற்றிய பின் கார்புரேட்டரை மறுபடி டியூன் செய்வது அவசியம். கசிவை மறைக்க முன்பு பெட்ரோலைக் கூட்டி வைத்திருந்தால், கசிவு நின்றதும் அது வீண் செலவாகக் கரும்புகையில் போகும்.

கணக்குப் புத்தகத்தைப் புதுப்பிக்கும் நாளில் பானெட்டையும் ஒருமுறை திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வோம்.