லினக்ஸ் தொடக்க உருவக்கோப்புகள்: இயல்புநிலையும் மாற்றும்

தொடக்க உருவக்கோப்பு என்பது லினக்ஸ் கணினி தொடங்கும்போது நினைவகத்தில் முதலில் ஏற்றப்படும் சிறிய தற்காலிகக் கோப்பு முறைமை ஆகும். இது இனிட்ராம்எஃப்எஸ் என்ற பெயரால் அறியப்படுகிறது. அன்றாடம் பயன்படுவது இயல்புநிலை உருவக்கோப்பு. அது பயனளிக்காதபோது கைகொடுப்பது ஃபால்பேக் எனப்படும் மாற்று உருவக்கோப்பு. கணினி தொடங்கவில்லை என்பதால் மட்டும் வன்தட்டில் உள்ள பாடங்களும் படங்களும் அழிந்துவிட்டன என்று பொருளில்லை. பல நேரங்களில் பழுது இந்தச் சிறு கோப்பில்தான் இருக்கும்.

தேவை

கணினியை இயக்கியதும் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ வன்பொருளைச் சோதித்து, கிரப் போன்ற தொடக்க ஏற்றியிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. கிரப், கெர்னல் எனப்படும் கருனியையும் தொடக்க உருவக்கோப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அடுத்து, இயக்குதளம் உள்ள வன்தட்டுப் பகிர்வைக் கருனி திறக்க வேண்டும். அதற்கு அந்த வன்தட்டுக்குரிய இயக்கி நிரல் தேவை. அந்த நிரலோ வன்தட்டின் உள்ளேயே இருக்கிறது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போன்ற நிலை இது.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதே தொடக்க உருவக்கோப்பின் வேலை. தேவையான இயக்கிகள் அதில் தனியே வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு வன்தட்டுப் பகிர்வு திறக்கப்பட்டதும் பொறுப்பு உண்மையான இயக்குதளத்துக்கு மாறுகிறது. மறையாக்கம் செய்யப்பட்ட வன்தட்டுக்குக் கடவுச்சொல் கேட்கப்படுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இரண்டு வகைகள்

ஆர்ச் லினக்ஸ் வழங்கலில் எம்கேஇனிட்சிபியோ என்ற கருவி உருவக்கோப்பை உருவாக்குகிறது. இயல்புநிலைக் கோப்பை உருவாக்கும்போது, அந்தக் கணினியில் அப்போது உள்ள வன்பொருளைக் கண்டறிந்து, அதற்கு வேண்டிய இயக்கிகளை மட்டும் சேர்க்கிறது. அதனால் கோப்பு சிறியதாக இருக்கும், விரைவில் ஏறும். மாற்றுக் கோப்பை உருவாக்கும்போது இந்தக் கண்டறிதல் தவிர்க்கப்பட்டு, பலவகை வன்பொருள்களுக்கான இயக்கிகளும் சேர்க்கப்படுகின்றன. கோப்பு சில மடங்கு பெரிதாகும். முன்னது வீட்டுச் சாவி ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வது. பின்னது சாவிக்கொத்தையே எடுத்துச் செல்வது.

எல்லா வழங்கல்களிலும் ஏற்பாடு ஒன்றல்ல. ஃபெடோராவில் டிராகட் என்ற கருவி பயன்படுகிறது. அங்கு மாற்றுக் கோப்புக்கு நிகரானது ரெஸ்க்யூ எனப்படும் மீட்பு உருவக்கோப்பு. டெபியனிலும் உபுண்டுவிலும் இயல்புநிலைக் கோப்பிலேயே பெரும்பாலான இயக்கிகள் சேர்க்கப்படுவதால் தனி மாற்றுக் கோப்பு இல்லை. புதிய கருனி நிறுவப்படும்போது பழைய கருனியும் அதன் உருவக்கோப்பும் விட்டுவைக்கப்படுகின்றன. அவையே அங்கு மாற்றாக உதவுகின்றன.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயக்குதளம். மதுரை நகரிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற சுற்றுவட்டாரங்களிலும் அரசுப் பள்ளி மாணவர் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது இவ்வழியில்தான். டெபியன் வழிவந்த பாஸ் போன்ற இயக்குதளத்தில், கீழே சொல்லப்படும் பழைய கருனி வழியே முதலில் முயல வேண்டியது.

தவறும் சூழல்கள்

1. வன்பொருள் மாற்றம்: பழுதான மடிக்கணினியின் வன்தட்டைக் கழற்றி யுஎஸ்பி உறையில் இட்டு வேறு கணினியில் தொடங்க முயன்றால், இயல்புநிலைக் கோப்பில் யுஎஸ்பி சேமிப்பகத்துக்கான இயக்கி இல்லாமல் போகலாம். மாற்றுக் கோப்பில் அது இருக்கும்.

2. பாதியில் நின்ற புதுப்பிப்பு: கருனி நிறுவப்பட்டு, உருவக்கோப்பு உருவாகும் முன் மின்சாரம் நின்றால், புதிய கருனியால் வன்தட்டைத் திறக்க முடியாமல் போகலாம்.

3. இடப் பற்றாக்குறை: பூட் பகிர்வு நிரம்பிவிட்டால் புதிய உருவக்கோப்பு முழுமையாக உருவாகாது.

இவை நேரும்போது திரையில் கெர்னல் பேனிக் என்ற செய்தியோ, இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லுடன் கட்டளை வரியோ தோன்றும்.

மீட்கும் முறை

கிரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் தோன்றாவிட்டால், கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையையோ, பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்ட் விசையையோ அழுத்திப் பார்க்கலாம். அதில் ஃபால்பேக் என்று குறிக்கப்பட்ட வரியையோ, பழைய கருனியின் எண் உள்ள வரியையோ தேர்ந்தெடுத்தால் கணினி தொடங்கக்கூடும்.

தொடங்கிய பின் வேலை முடிந்துவிடவில்லை. முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் படியெடுக்க வேண்டும். பூட் பகிர்வில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெபியன் வகையில் பாதியில் நின்ற நிறுவலை டிபிகேஜி கருவியால் முடித்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையால் உருவக்கோப்பைப் புதுப்பிக்கலாம். ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபியோ கட்டளையை இயக்கினால், இப்போதுள்ள வன்பொருளுக்கு ஏற்ற இயல்புநிலைக் கோப்பு உருவாகும்.

வரம்புகள்

மாற்று உருவக்கோப்பு எல்லாப் பழுதுக்கும் மருந்தல்ல. வன்தட்டு பழுதாகியிருந்தாலோ, கோப்பு முறைமை சிதைந்திருந்தாலோ, பகிர்வின் அடையாள எண் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தாலோ அது பயன்படாது. அப்போது லினக்ஸ் நிறுவப்பட்ட பென்டிரைவ் கொண்டு கணினியைத் தொடங்கி, கோப்புகளை மீட்க முயல வேண்டும்.

புதிய கருனி ஒருமுறையேனும் சரியாகத் தொடங்கும் வரை பழையதை நீக்காதிருப்பது நல்லது. இந்த வழிகளை முயன்று பார்க்கும் முன் வன்தட்டை ஃபார்மட் செய்வது, மீட்டிருக்கக்கூடிய கோப்புகளை இழக்கச் செய்யும்.