கடல்நீர்த் தொட்டி மீன்களின் ஒட்டுண்ணி நோய்கள்

கடல்நீர்த் தொட்டிகளில் வளர்க்கப்படும் அழகு மீன்களின் தோல், துடுப்பு, செவுள் ஆகியவற்றில் தங்கி, அவற்றின் திசுக்களை உண்டு வாழும் நுண்ணுயிரிகளும் புழுக்களும் கடல்நீர்த் தொட்டி மீன்களின் ஒட்டுண்ணிகள் ஆகும். திறந்த கடலில் இவை பெரும்பாலும் சிறு தொல்லையாகவே இருக்கின்றன. ஒரு மீனை விட்டுப் பிரிந்த ஒட்டுண்ணியின் குஞ்சுகளுக்கு அங்கே அடுத்த மீன் கிடைப்பது அரிது. 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் எல்லாக் குஞ்சுகளுக்கும் ஒரு சாண் தூரத்தில் மீன் இருக்கிறது. எனவே கடலில் தொல்லையாக இருந்த அதே உயிரி, தொட்டியில் சில நாள்களில் எல்லா மீன்களையும் கொன்றுவிடக்கூடும்.

உள்நாட்டு ஊர்களில்

சவ்வாது மலை அடிவாரத்திலுள்ள போளூர் போன்ற ஊர், கடற்கரையிலிருந்து சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. இங்கே கடல்நீர்த் தொட்டி வைப்பவர், வடிகட்டிய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் செயற்கைக் கடலுப்பைக் கரைத்துத்தான் கடலை உண்டாக்குகிறார். சமையல் உப்பு இதற்கு உதவாது. அதில் கடல்நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் முதலியவை போதிய அளவில் இல்லை. மீன்கள் பெரும்பாலும் சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையில் வந்து சேரும். புதிதாகக் கரைத்த செயற்கை நீரில் ஒட்டுண்ணி இருக்க வழியில்லை. அது மீனின் உடலோடும் பையிலுள்ள நீரோடும்தான் வருகிறது. ஆகையால் உள்நாட்டுத் தொட்டிக்கு ஒரே ஒரு வாசல்தான். அதை மூடுவது வளர்ப்பவரின் கையில் இருக்கிறது.

இங்குள்ள கோடை வெப்பம் இன்னொரு சிக்கல். வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. செவுள் பழுதுபட்ட மீனுக்கு மின்வெட்டில் காற்றுக்குழாய் நிற்கும் ஒரு மணி நேரமே போதும்.

கடல் வெண்புள்ளி நோய்

இதை உண்டாக்குவது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. உடலெங்கும் நுண்ணிய இழைகள் கொண்ட இது, மீனின் தோலுக்கு அடியில் நுழைந்து திசுவை உண்டு பெருக்கிறது. அப்போதுதான் ரவை தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரிகின்றன. மூன்று முதல் ஏழு நாள்களில் அது முதிர்ந்து, பெரும்பாலும் இருட்டு வேளையில், மீனை விட்டு இறங்கி மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகி, சில நாள்களிலிருந்து சில வாரங்கள் கழித்து வெளிவருகிறது. அவை ஓரிரு நாள்களுக்குள் ஒரு மீனைப் பற்றாவிட்டால் இறந்துவிடும்.

இந்த வாழ்க்கைச் சுழற்சியைப் புரிந்துகொள்ளாததே பல தொட்டிகள் அழியக் காரணம். புள்ளி கண்டதும் ஒருவர் உணவில் பூண்டுச் சாறு கலக்கிறார். மற்றொருவர் மஞ்சள் தூள் போடுகிறார். நான்காம் நாள் புள்ளிகள் காணவில்லை. மருந்து வேலை செய்துவிட்டது என்று அக்கம்பக்கத்தாருக்கும் சொல்கிறார். உண்மையில் எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் புள்ளிகள் மறைந்திருக்கும். ஒட்டுண்ணி மணலுக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு வாரத்தில் பத்துப் புள்ளி இருந்த இடத்தில் நூறு புள்ளி வரும்போது பூண்டின் அளவைக் கூட்டுகிறார்கள்.

நன்னீர் மீன்களின் வெண்புள்ளி நோய் வேறோர் உயிரியால் வருவது. அதற்குக் கல் உப்பும் நீரைச் சூடாக்குவதும் பயன் தரும். அந்தப் பழக்கத்தைக் கடல்நீர்த் தொட்டிக்குக் கொண்டுவந்தால், சூடு ஒட்டுண்ணியின் சுழற்சியை விரைவுபடுத்துவதோடு ஆக்சிஜனையும் குறைக்கும்.

வெல்வெட் நோய்

அமைலூடினியம் ஓசெலாட்டம் என்ற உயிரி முதலில் செவுளைத் தாக்குகிறது. ஆகவே புள்ளி தெரியும் முன்பே மீன் வேகமாக மூச்சு வாங்கும், நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், வெளிச்சத்துக்கு ஒளியும், உண்ண மறுக்கும். அறையை இருட்டாக்கிப் பக்கவாட்டில் கைவிளக்கு அடித்தால் உடலில் பொன்னிறப் பொடி தூவியதுபோல் தெரியலாம். தெரியாமலும் இருக்கலாம். கடுமையான தாக்குதலில் ஓரிரு நாளில் தொட்டியே காலியாகிவிடும். இதன் ஒரு கூடு 256 குஞ்சுகள் வரை விடும். மிகக் குறைந்த உப்பிலும் இது வாழும் என்பதால், உப்பைக் குறைக்கும் சிகிச்சைக்கு அடங்காது. வெண்புள்ளி என்று எண்ணி இதற்கு உப்பைக் குறைத்துக்கொண்டிருப்பவர், மீனுக்கு மிச்சமிருக்கும் ஓரிரு நாளையும் வீணாக்குகிறார்.

பிற ஒட்டுண்ணிகள்

புரூக்கினெல்லா ஹாஸ்டிலிஸ், கடலில் பிடித்துவந்த கோமாளி மீன்களை அதிகம் தாக்கும். தோலில் சளி திரைதிரையாக உரியும். நியோபெனிடேனியா கண்ணாடிபோல் தெளிந்த தட்டைப்புழு. சில மில்லிமீட்டர் வரை வளர்ந்தாலும் மீனின் மேல் இருக்கும்போது கண்ணில் படாது. மீன் கல்லில் உடம்பை உரசுவதும் கண் கலங்குவதும் இதன் அறிகுறிகள்.

நோயறிதல்

உறுதியான நோயறிதலுக்கு நுண்ணோக்கி வேண்டும். பள்ளி விலங்கியல் ஆய்வகத்திலுள்ள சாதாரணக் கூட்டு நுண்ணோக்கியே போதுமானது. மீனை ஈரமான வலையில் பிடித்து, மூடுவில்லையின் ஓரத்தால் தலையிலிருந்து வால் பக்கமாகச் சளியை மெல்ல வழித்து, தொட்டி நீர் ஒரு துளியுடன் கண்ணாடிச் சில்லில் வைத்து உடனே பார்க்க வேண்டும். குழாய் நீர் விட்டால் செல்கள் வெடித்துவிடும். இறந்து பல மணி நேரமான மீனில் தேடிப் பயனில்லை. ஒட்டுண்ணிகள் அதற்குள் இறங்கிவிடும்.

மெல்லச் சுழலும் கருத்த உருண்டை என்றால் கிரிப்டோகேரியான். அசையாமல் ஒட்டிய பழுப்புநிறப் பேரிக்காய் வடிவம் என்றால் அமைலூடினியம். இதன் செல்லில் மாவுச்சத்து இருப்பதால் நீர்த்த அயோடின் கரைசல் இட்டால் கருமையாகும். உருளைக்கிழங்கில் மாணவர்கள் செய்து பார்க்கும் அதே சோதனைதான். அவரை விதை வடிவில் வழுக்கி ஓடுவது புரூக்கினெல்லா.

சிகிச்சை

சிகிச்சை எதுவானாலும் மணலும் பவளமும் இல்லாத தனித் தொட்டியில் செய்ய வேண்டும். வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் நெடுங்காலமாகப் பயன்படுவது செம்பு. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு அயனி, குறைந்தது மூன்று வாரம் இடைவிடாமல் இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும். கூடினால் மீன் சாகும். உழவர்கள் பூஞ்சணத்துக்குத் தெளிக்கும் மயில்துத்தம் இந்த ஊர்களில் எளிதில் கிடைப்பதால் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது: 100 லிட்டர் நீருக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 80 மில்லிகிராம் தூய மயில்துத்தம் மட்டுமே. அது ஒரு சிட்டிகைக்கும் குறைவு. கண்ணளவில் போடுவது கொலைக்குச் சமம். அளவை இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, செம்புச் சோதனைப் பெட்டியால் நாள்தோறும் அளக்க வேண்டும். மணலும் பவளக்கல்லும் செம்பை உறிஞ்சும். இறால், நத்தை, கடல் சாமந்தி, பவளம் ஆகியவற்றுக்குச் செம்பு நஞ்சு.

குளோரோகுயினும் வெல்வெட்டுக்குப் பயன்படுகிறது. அதைக் கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டுமே தொட வேண்டும்.

மருந்தே இல்லாத வழி, தொட்டி மாற்றுதல். மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றி, பழையதைக் கழுவி முழுவதும் உலர்த்த வேண்டும். இவ்வாறு நான்கு முறை. மீனிலிருந்து இறங்கிய கூடுகள் வெடிக்குமுன் மீன் இடம் மாறிவிடுகிறது. வெண்புள்ளிக்கு இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளும் பொறுமையும் உள்ளவருக்கு இதைவிடச் சிக்கனமான முறை இல்லை.

உப்பை லிட்டருக்கு 15 கிராமாகக் குறைத்து மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருப்பதும் கிரிப்டோகேரியானின் கூடுகளை அழிக்கும். ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. தைவானில் இதைவிடக் குறைந்த உப்பிலும் வாழ்ந்த வகை பதிவாகியிருக்கிறது.

தட்டைப்புழுவுக்கு ஐந்து நிமிட நன்னீர்க் குளியல் நல்ல பலன் தரும். புழுக்கள் வெளுத்து உதிர்வதைக் கண்ணாலேயே காணலாம். குளோரின் நீக்கிய நீராகவும், தொட்டியின் அதே வெப்பநிலையாகவும், சமையல் சோடா சேர்த்துக் காரத்தன்மை ஒத்ததாகவும் இருக்க வேண்டும். முட்டைகள் தொட்டியில் மிஞ்சும் என்பதால் பிராசிகுவாண்டெல் மருந்தை இடைவெளி விட்டு மீண்டும் தருவதுண்டு. தோலுக்கு அடியிலிருக்கும் வெண்புள்ளி உயிரியை நன்னீர்க் குளியல் தொடாது.

புதிய மீனும் பழைய தொட்டியும்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் 2010-இல் கடல் விரால் மீனையும் 2011-இல் சில்வர் பாம்பனோவையும் வளர்ப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. இத்தகைய குஞ்சுப் பொரிப்பகங்களில், கடலிலிருந்து பிடித்துவந்த மீனைத் தனிமைப்படுத்தி ஒட்டுண்ணி நீக்கிய பிறகே தாய்மீன் தொட்டியில் விடுவார்கள். வீட்டுத் தொட்டிக்கும் இதே முறைதான். புதிய மீனை நான்கு முதல் ஆறு வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். நோயிலிருந்து தப்பிய மீன் சில மாதம் ஓரளவு எதிர்ப்புச் சக்தியோடு இருக்கும். தானே நலமாகத் தெரிந்துகொண்டு புதிதாக வருவதற்குத் தொற்றைக் கொடுக்கும்.

நோய் கண்ட பெரிய தொட்டியை மீன் இல்லாமல் ஓடவிட வேண்டும். ஆறு வாரம் போதும் என்பவர்கள் உண்டு. ஆய்வகத்தில் சில கூடுகள் 72 நாள் கழித்தும் வெடித்திருப்பதால் 76 நாள் காத்திருப்பவர்களே சரி. அந்நாள்களில் வலை, குழாய், கை எதையும் ஈரத்தோடு ஒரு தொட்டியிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோகக் கூடாது. செம்பு கலந்த உப்புநீரை ஏரியிலோ வயல் வாய்க்காலிலோ கொட்டவும் கூடாது.