வெள்ளை ஒழுகும் எருமையை மலடு என்று விற்காதீர்கள்!

மண் மாதிரி எடுப்பதற்காக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். நான்கு முறை சினை ஊசி போட்டும் நிற்காத எருமைக்கு வியாபாரியிடம் விலை பேசிக்கொண்டிருந்தார் ஒரு விவசாயி. இரண்டு ஈத்து ஈன்ற, நல்ல கறவையுள்ள எருமை. "மலடாப் போச்சுங்க சார், தீனிதான் தண்டம்" என்றார்.

எருமை படுத்து எழுந்த இடத்தில் வெள்ளையாகச் சீழ் ஒழுகிக் கிடந்தது. போன ஈத்தைப் பற்றிக் கேட்டேன். "இளங்கொடி விழலைங்க. ஒருத்தரைக் கூப்பிட்டு, கையால இழுத்து எடுத்தோம்" என்றார்.

நான் படித்தது வேளாண்மை. மாட்டு வைத்தியம் அல்ல. ஆனாலும், "விற்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள்" என்றேன். கருப்பையில் புண் என்று மருத்துவர் சிகிச்சை கொடுத்தார். அடுத்த பருவத்தில் ஊசி போடாமல் விட்டு, அதற்கடுத்த பருவத்தில் போட்டதில் சினை நின்றது. இப்படிக் காட்டாமலே கைமாறும் எருமைகள் எத்தனையோ!

இளங்கொடியை இழுக்காதீர்கள்

எருமையின் சினைக் காலம் சுமார் 310 நாள். ஈன்ற பின் பெரும்பாலும் 8 மணி நேரத்துக்குள் இளங்கொடி தானாக விழுந்துவிடும். 12 மணி நேரம் ஆகியும் விழாவிட்டால் மருத்துவரை அழையுங்கள். கையால் இழுப்பதும், தொங்கும் கொடியில் கல்லைக் கட்டுவதும் கூடாது. கொடி பாதியில் அறுந்து, மீதி உள்ளே அழுகும். கருப்பைச் சுவரும் கிழிந்து சீழ் பிடிக்கும்.

ஈன்ற பின் இரண்டு வாரம் வரை கருஞ்சிவப்பாக மாசு வழிவது இயல்புதான். ஆனால் அதில் துர்நாற்றம் இருந்தாலோ, எருமைக்குக் காய்ச்சல் கண்டு தீனி எடுக்காவிட்டாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

வழும்பைப் பார்த்து ஊசி போடுங்கள்

பருவத்துக்கு வரும் எருமையின் வழும்பு கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். அதில் வெள்ளைத் திட்டோ மஞ்சள் நிறமோ தெரிந்தால் கருப்பையில் கோளாறு. அப்போது ஊசி போட்டால் வீண், முதலில் சிகிச்சைதான். சில எருமைகளில் வெளியே எதுவும் தெரியாது. எனவே, மூன்று முறை போட்டும் நிற்காவிட்டால் நான்காவது ஊசிக்கு முன் பரிசோதனை அவசியம். ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீனி நட்டம்.

பருவத்துக்கே வரவில்லை, அதனால் சினைதான் என்றும் இருந்துவிடாதீர்கள். உள்ளே சீழ் கட்டியிருந்தாலும் பருவம் நின்றுபோகும். ஊசி போட்ட மூன்றாம் மாதத்துக்குள் சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கன்று வீசினால் எச்சரிக்கை

சினையின் கடைசி மாதங்களில் கன்று வீசினால், அது கன்று வீச்சு நோயாக இருக்கலாம். புரூசெல்லா என்னும் இந்தக் கிருமி மனிதரையும் தாக்கி, விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் தரும். கையுறை இல்லாமல் கொடியைத் தொடாதீர்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். நாயும் காக்கையும் இழுத்துப்போனால் நோய் ஊரெல்லாம் பரவும். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே நல்லது. கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரு முறை தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஈன்றதும் கருப்பை வெளித்தள்ளினால், சுத்தமான குளிர்ந்த நீரால் கழுவி, ஈரத்துணியால் மூடுங்கள். நாய், காக்கை அண்டாமல் பார்த்துக்கொண்டு, உடனே 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஈன்ற தேதி, இளங்கொடி விழுந்த நேரம், பருவத்துக்கு வந்த நாள், ஊசி போட்ட நாள் இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். அந்த நோட்டும் ஒரு பரிசோதனையும் இல்லாமல் எந்த எருமையையும் மலடு என்று முடிவு கட்டாதீர்கள்.