ஒரு லிட்டர் காற்றுக்கு எத்தனை மில்லிகிராம் பெட்ரோல்?

பெங்களூரின் அடுகோடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திட்ட வளிமண்டலக் கணக்குப்படி இங்கே ஒரு லிட்டர் காற்று 1.12 கிராம். 3,500 மீட்டரில் உள்ள லடாக்கின் லேயில் அது 0.86 கிராம், 5,359 மீட்டரில் உள்ள கர்துங் லா கணவாயில் 0.71. பெங்களூரில் ஐடிலிங் செட் செய்த கார்புரேட்டர் வண்டி மேலே போய்ச் சிக்னலில் நிற்பதுபோல் நின்றால் துடித்து அணைந்துபோவதற்குக் காரணம் இந்த எண்களில் இருக்கிறது.

பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் வேண்டும். அப்படியானால் அடுகோடியில் ஒரு லிட்டர் காற்றுக்கு 76 மில்லிகிராம். அந்த அளவுக்குச் சரியாக வைத்த வண்டி ஊட்டிக்கு, அதாவது 2,240 மீட்டருக்கு, ஏறினால் தேவை 67. கார்புரேட்டர் கொடுப்பது 71. லேயில் தேவை 59, வருவது 67. கர்துங் லாவில் தேவை 48, வருவது 61. தேவைக்கு மேல் 26 சதவீதம்! லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், அங்கே ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 20 ரூபாய் உருப்படியாக எரியாமல் புகையாகவும் கரியாகவும் போகிறது.

கார்புரேட்டருக்குக் காற்றின் எடை தெரியாது. காற்று மெலிந்தால் உறிஞ்சும் விசை குறைந்து பெட்ரோலும் குறையும். ஆனால் வர்க்கமூல விகிதத்தில்தான். அடுகோடியிலிருந்து கர்துங் லா போவதற்குள் காற்று 37 சதவீதம் குறைகிறது, பெட்ரோலோ 20 சதவீதம்தான். ஓட்டத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. ஐடிலிங்கில் திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், எஞ்சினிடம் மிச்ச பலமே இல்லை. அப்போதுதான் பிளக் கறுத்து மிஸ் அடிக்கும்.

அடுகோடிக்கு இந்தக் கதையில் சொந்தப் பங்கு உண்டு. 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம், ஸ்பார்க் பிளக்காலும் டீசல் பம்பாலும் ஊரெங்கும் அறியப்பட்டது. 2008-இல் பெயர் பாஷ் என்று மாறியது; 2022-இல் அதன் அடுகோடி வளாகம் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகள் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அதில் காற்றழுத்த சென்சார் பார்த்து பெட்ரோலை அளந்து விடுகிறது. ஆனால் காற்றை அது உண்டாக்க முடியாது: கடல் மட்டத்தில் 19.1 குதிரைத்திறன் தரும் பி.எஸ்.6 346 சிசி புல்லட்டுக்குக் கர்துங் லாவில், காற்றின் கணக்குப்படி, 11 சொச்சம்தான் மிஞ்சும்.

பழைய கார்புரேட்டர் வண்டியோடு மலையேறுவோர் இன்னும் நிறைய. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி அணைந்தால் ஓடிய சூட்டில் சோக்கை இழுக்காதீர்கள். ஏற்கெனவே கூடியிருக்கும் பெட்ரோலை அது இன்னும் கூட்டும். ஐடிலிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி, மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே, எஞ்சின் பக்கம் இருந்தால் உள்ளே. புறப்படும் முன்பே அது எத்தனை சுற்று திறந்திருந்தது என்று எழுதி வையுங்கள். இறங்கியதும் அதே இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். பெட்ரோல் குறைந்த கலவையோடு சமவெளியில் ஓட்டினால் எஞ்சின் கொதிக்கும்.