எம்ஜிபியின் முன்சக்கரம்: அன்றும் இன்றும்

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 1962-இல் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தபோது, அதன் முன் சஸ்பென்ஷன் புதிதல்ல. பொறியாளர்கள் அலெக் இசிகோனிஸும் ஜாக் டேனியல்ஸும் உலகப்போருக்கு முன்பே வரைந்து, 1947-இல் எம்ஜியின் ஒய் வகைக் காரில் வந்த அமைப்பின் வழியில் பிறந்தது அது. மேலே ஷாக் அப்சார்பரின் கைகளே, சக்கரத்தைத் தாங்கும் கவை வடிவக் கையான விஷ்போனாகவும் உழைக்கும். கீழே ரப்பர் புஷ்களில் அசையும் விஷ்போன், அதன்மேல் காயில் ஸ்பிரிங். மேல் கைகளுக்கும் கீழ் விஷ்போனுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்பது கிங்பின். லாரிகளின் முன் அச்சில் இன்றும் இருக்கிறதே, அந்த இனம்தான். ஸ்டியரிங்கை ஒடித்தால் சக்கரம் இந்த எஃகுத் தண்டைச் சுற்றியே திரும்புகிறது.

அன்று அதற்கு வேண்டியதெல்லாம் கிரீஸ்தான். 3,000 மைலுக்கு, அதாவது சுமார் 4,800 கி.மீ.க்கு ஒருமுறை, பக்கத்துக்கு மூன்று நிப்பிள்களில் கிரீஸ் கன் வைத்து அடிக்க வேண்டும். கறுத்துப்போன பழைய கிரீஸ் பிதுங்கி, புதியது தலைகாட்டும்வரை அடிப்பதே நல்ல பட்டறையின் பழக்கம். கிங்பின் வயதாகிச் சாவதில்லை, காய்ந்துதான் சாகிறது.

காய்ந்து தேய்ந்தாலும் அன்றைய மெக்கானிக் கலங்கவில்லை. ஸ்பிரிங் அடக்கிவைத்திருக்கும் விசை ஆளைக் கொல்லக்கூடியது. அதனால் ஜாக்கியால் கீழ்த்தட்டைத் தாங்கி, மெல்ல மெல்ல இறக்குவார். கிங்பின்னைச் சுற்றியுள்ள பழைய புஷ்களை அழுத்தி எடுத்துப் புதியவற்றைப் பொருத்துவார். வேலையின் உயிர் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் அமையும்படி நீண்ட ரீமரால் துளையைச் சீவ வேண்டும். கொஞ்சம் கூடினால் ஆட்டம், குறைந்தால் ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும். மேலும் கீழுமான ஆட்டத்தைச் சரிசெய்யத் தடிமன் வேறுபட்ட வாஷர்களை மாற்றி மாற்றிப் பார்ப்பார். கை சொல்வதைக் கேட்டு முடிக்கிற வேலை இது.

1980-இல் அபிங்டன் மூடப்பட்டது. அதற்குள் 5 லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபிகள் வெளியேறியிருந்தன. பிறகு வந்த கார்களில் கிரீஸை உள்ளேயே அடைத்து மூடிய பால் ஜாயிண்ட். தேய்ந்தால் கழற்றி எறிந்து புதிது போடலாம். 1989-இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 அந்தத் தலைமுறை. பட்டறைகளில் கிரீஸ் கன்னும் ரீமரும் மூலைக்குப் போயின.

ஆனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. 1988 முதல் எம்ஜிபியின் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். புஷ் பொருத்தி, ரீமர் போட்டு முடித்த, சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலைப் பழையதுக்கு மாற்றாகத் தருகிறார்கள். ரீமர் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு இது பெரும் வரம், தயங்காமல் வாங்கலாம். கீழ் விஷ்போனுக்கு மலிவு ரப்பர் புஷ் மட்டும் வேண்டாம், சீக்கிரம் பிதுங்கிக் கிழிகிறது. 1973-இல் வந்த வி8 மாடலின் உலோகக் கூடு கொண்ட புஷ் அப்படியே பொருந்தும், நீடித்தும் உழைக்கும். பாலியூரித்தேன் புஷ் போட்டு வண்டியை விறைப்பாக்குவது தினப்படிச் சாலைக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து.

எனக்குக் கவலை தரும் மாற்றம் வேறு. முன்பெல்லாம் ஆண்டுதோறும் எம்ஓடி என்னும் வாகனத் தகுதிச் சோதனையில் ஒருவர் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, ஆட்டம் மிஞ்சினால் வண்டியைத் திருப்பி அனுப்புவார். 2018 மே மாதத்திலிருந்து பிரிட்டனில், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது தாண்டிய கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. இன்று எல்லா எம்ஜிபிகளும் அந்த வயதைக் கடந்துவிட்டன. ஆட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு முழுக்க உரிமையாளர் தலையில்.

ஆகவே பழைய எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னிலோ அதன் இணைப்புகளிலோ. சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போதே கிரீஸ் அடியுங்கள். பாரம் தாங்கும் பக்கத்துக்கு அப்போதுதான் அது போய்ச் சேரும். தேய்ந்திருந்தால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.