போர்டைத் திருப்பிப் பாருங்க: சர்ஃப் போர்டு ஃபின் பற்றி ஒரு அறிமுகம்

நம்ம ஜீயபுரத்துல இருந்து பார்த்தா தெரியுற தண்ணி காவிரி மட்டும்தான். அலை அடிக்கிற கடலுக்குப் பல மணி நேரம் பஸ்ஸுல போகணும். அப்புறம் எதுக்கு இந்த இதழ்ல சர்ஃப் போர்டு பற்றி ஒரு கட்டுரைன்னு கேட்கலாம். ரெண்டு காரணம் இருக்கு.

முதல் காரணம், சர்ஃபிங் இப்போ நம்ம மாநிலத்து விளையாட்டு ஆகிவிட்டது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய சர்ஃப் பள்ளியில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் கற்றுக்கொண்டார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. அதில் ஆண்கள் ஓபன் பிரிவில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இப்போ லீவு கிடைச்சா ஈசிஆர் பக்கம் போய் ஒரு மணி நேரம் போர்டு வாடகைக்கு எடுக்கிறவங்க நம்ம ஹாஸ்டல்லயே இருக்காங்க.

ரெண்டாவது காரணம், செமஸ்டர்ல படிச்ச ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் முழுக்க அந்தப் போர்டின் அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. போர்டு வழுக்கிக்கிட்டே போனா 'எனக்கு பேலன்ஸ் இல்ல'ன்னு எல்லாரும் தன்னைத்தானே திட்டிக்கிறாங்க. பல நேரம் தப்பு பேலன்ஸ்ல இல்ல. போர்டுக்கும் ஆளுக்கும் பொருந்தாத ஃபின் மாட்டியிருக்கும். அதை அடையாளம் காணத் தெரிஞ்சா காசும் மிச்சம், காயமும் மிச்சம்.

ஃபின் எதுக்கு?

ஒகேனக்கல் பரிசலை நினைச்சுப் பாருங்க. வட்டமா, அடி தட்டையா இருக்கும். துடுப்பை ஒரு தள்ளு தள்ளினா அப்படியே சுத்தும். நேரா போகணும்னு அதுக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது, ஏன்னா பக்கவாட்டில் நகர்வதைத் தடுக்கத் தண்ணிக்குள்ள எதுவும் இறங்கியிருக்காது. நம்ம கடற்கரையில் பாய் கட்டி ஓடிய கட்டுமரத்துக்கும் இதே சிக்கல் இருந்தது. காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்க ஒரு பலகையைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்கி ஓட்டுவார்கள்.

சர்ஃப் போர்டில் இதைச் செய்தவர் அமெரிக்கரான டாம் பிளேக். 1935-ல் ஹவாயில், பழைய ஸ்பீடு போட் ஒன்றின் அடிக்கட்டையை எடுத்துத் தன் போர்டின் வால் பக்கம் பொருத்தினார். அதுக்கு முன்னாடி திரும்பணும்னா காலைத் தண்ணிக்குள்ள விட்டு இழுக்கணும்.

ஃபின் வழுக்கலைத் தடுப்பதோடு நிற்பதில்லை. உய்யக்கொண்டான் மாதிரி ஓடுற வாய்க்கால்ல ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தா இறக்கி, ஓட்டத்துக்கு நேரா பிடிங்க. ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் திருப்பினா ஸ்கேல் கையைப் பக்கவாட்டில் இழுக்கும். அதுதான் லிஃப்ட். விமான இறக்கையில் மேல்நோக்கி இருக்கிற விசை இங்கே பக்கவாட்டில் வேலை செய்யுது.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 100 சதுர செ.மீ. பரப்புள்ள ஒரு ஃபின், நொடிக்கு 5 மீட்டர் வேகம், கடல் நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோ, லிஃப்ட் கெழு 0.5 என்று வைத்துக்கொள்வோம். அரை × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் × பரப்பு × கெழு. விடை சுமார் 64 நியூட்டன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் ஆறரைக் கிலோ எடைக்குச் சமமா தள்ளுது. வேகம் இரட்டிப்பானா விசை நாலு மடங்கு. அதனாலதான் ஃபின்ல சின்ன மாற்றம்கூட காலுக்குத் தெரியுது.

ஒரு ஃபின்னைக் கையில் எடுத்தா என்ன பார்க்கணும்?

*அடி நீளம்.* போர்டோடு ஒட்டுகிற பகுதியின் நீளம். இது நீளமாக இருந்தால் காலால் அழுத்தும் விசை முன்னோக்கிய வேகமாக நன்றாக மாறும். குட்டையாக இருந்தால் சட்டுனு திரும்பும்.

*ஆழம்.* அடியிலிருந்து நுனி வரை உள்ள உயரம். ஆழமான ஃபின் தண்ணியை இறுக்கிப் பிடிக்கும். ஆழம் குறைந்தால் வால் எளிதா வழுக்கும்.

*பின்சாய்வு.* நுனி எவ்வளவு பின்னால் வளைந்திருக்கிறது என்பது. நிறைய சாய்ந்திருந்தால் திருப்பம் அகலமாக, நிதானமாக வரும். நிமிர்ந்து நின்றால் ஒரே இடத்தில் சுழன்று திரும்பும்.

*குறுக்குவெட்டு.* இதைத்தான் பலரும் கவனிக்க மாட்டாங்க. விரலால் ரெண்டு பக்கமும் தடவிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி உப்பியிருந்தால் அது நடு ஃபின். ஒரு பக்கம் தட்டையா, மறுபக்கம் உப்பலா இருந்தால் அது ஓரத்து ஃபின். தட்டையான பக்கம் எப்பவும் போர்டின் நடுக்கோட்டைப் பார்க்கணும், உப்பிய பக்கம் வெளியே. நுனி எப்பவும் வாலை நோக்கிச் சாயணும். இடது, வலது மாத்திப் போட்டால் போர்டு சொன்ன பேச்சு கேட்காது.

இவற்றோடு வளையும் தன்மையும் உண்டு. ஃபைபர் கிளாஸ் ஃபின் விறைப்பா இருக்கும். விலை குறைந்த பிளாஸ்டிக் ஃபின் அதிகம் வளையும், திருப்பத்தில் விசையைக் கொஞ்சம் விழுங்கிவிடும்.

எந்த போர்டுக்கு எத்தனை?

ஒரு ஃபின்: ஒன்பது அடி லாங்போர்டுக்கு உரியது. நேராக, நிதானமாகப் போகும். மூக்குப் பக்கம் நடந்துபோய் நிற்கிறவர்களுக்கு வாலை அமுக்கிப் பிடிக்கப் பெரிய ஃபின் தேவை. போர்டு எத்தனை அடியோ ஃபின் அத்தனை அங்குலம் என்பது தொடக்கக் கணக்கு: ஒன்பது அடி போர்டுக்கு ஒன்பது அங்குல ஃபின். நீளமான பள்ளத்துக்குள் ஃபின்னை முன்பின் நகர்த்தலாம். பின்னால் தள்ளினால் நேராக ஓடும், முன்னால் கொண்டுவந்தால் எளிதில் திரும்பும்.

ரெண்டு ஃபின்: குட்டையான, அகலமான, மீன் வால் போலப் பிளந்த 'ஃபிஷ்' போர்டுக்கு. வால் அகலமாக இருக்கும்போது ஓரத்தில் சாய்த்தால் நடுவில் இருக்கிற ஃபின் தண்ணியை விட்டு வெளியே வந்துவிடும். அதனால் ஓரத்துக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒன்று. நடுவில் இழுவையும் இல்லாததால் சின்ன அலையிலும் வேகம் கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை நாலு முறை தொடர்ந்து உலகப் பட்டம் வென்றதில் இரட்டை ஃபின் போர்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

மூணு ஃபின்: பெயர் 'த்ரஸ்டர்'. இரட்டை ஃபின் பெரிய அலையில் வழுக்குகிறது என்று பார்த்த சைமன் ஆண்டர்சன், பின்னால் நடுவில் மூன்றாவதைச் சேர்த்தார். 1981-ல் அந்த போர்டோடு பெல்ஸ் பீச் போட்டியை வென்றார். இன்று ஷார்ட்போர்டில் அதிகம் பார்ப்பது இதைத்தான். வேகம், பிடிப்பு, திருப்பம் மூன்றையும் ஓரளவுக்குச் சமமாகத் தருவதால் எந்த அலைக்கும் தாங்கும்.

நாலு ஃபின்: நடு ஃபின் கிடையாது, ஓரத்துக்கு ரெண்டு ரெண்டு. த்ரஸ்டரைவிட வேகம், செங்குத்தான அலைச் சுவரில் நல்ல பிடிப்பு. ஆனா செங்குத்தா மேலே ஏறித் திரும்புறது கொஞ்சம் கஷ்டம்.

சில போர்டுகளில் அஞ்சு பள்ளம் இருக்கும். அஞ்சு ஃபின் மாட்டணும்னு அர்த்தமில்ல. மூணாகவோ நாலாகவோ மாத்திக்கலாம். நடுவில் ஒரு பெரியது, பக்கத்தில் ரெண்டு சின்னது என்று இருந்தால் அது பெரிய போர்டுகளுக்கான கலப்பு முறை.

பள்ளத்தைப் பார்த்து வாங்குங்க

பழைய போர்டு வாங்குறவங்க அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஃபின் அழகா இருக்கும், பள்ளத்தில் இறங்காது.

ஒவ்வொரு ஃபின்னுக்கும் ரெண்டு சின்னத் துளைகள் தனித்தனியா இருந்தால் அது பழைய எஃப்சிஎஸ். சின்ன திருகாணி போட்டு இறுக்கணும். ஒரே பள்ளம், திருகாணி இல்லாமல் அழுத்தினாலே 'டக்'னு உட்கார்ந்தால் எஃப்சிஎஸ் 2. ஒரே நீளப் பள்ளம், முன்பக்கம் மட்டும் ஒரு திருகாணி என்றால் ஃப்யூச்சர்ஸ். போர்டின் நடுவில் அரை முழத்துக்குக் கொஞ்சம் நீளமான பள்ளம், உள்ளே நகரும் சின்ன உலோகத் தகடு இருந்தால் அது லாங்போர்டின் ஒற்றை ஃபின்னுக்கானது. பழைய எஃப்சிஎஸ் ஃபின்னை எஃப்சிஎஸ் 2 பள்ளத்தில் துணைப் பாகங்களோடு மாட்டலாம். எஃப்சிஎஸ் 2 ஃபின் பழைய துளையில் போகாது. ஃப்யூச்சர்ஸ் ஃபின் இந்த ரெண்டிலும் பொருந்தாது. வேற வகை ஃபின்னைச் சுரண்டி, தட்டிப் பொருத்தப் பார்த்தா பள்ளம் உடையும். அப்புறம் தண்ணி போர்டுக்குள்ள இறங்கும், ரிப்பேர் செலவு ஃபின் விலையைத் தாண்டும்.

அடுத்து அளவு. அதை முடிவு செய்வது உங்க உயரம் இல்ல, எடை. எஃப்சிஎஸ் அட்டவணையில் சுமார் 55 முதல் 70 கிலோ வரை ஸ்மால், 65 முதல் 80 வரை மீடியம், 75 முதல் 90 வரை லார்ஜ். எல்லை ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பதைக் கவனிங்க. நடுவில் இருக்கிறவர், பிடிப்பு வேணும்னா பெரியதையும், எளிதா திரும்பணும்னா சின்னதையும் எடுக்கலாம். ஐம்பது கிலோ ஆளுக்கு லார்ஜ் மாட்டினால் போர்டு தண்டவாளத்தில் ஓடுற மாதிரி நேராவே போகும். எண்பத்தஞ்சு கிலோ ஆளுக்கு ஸ்மால் மாட்டினால் முதல் திருப்பத்திலேயே வால் வழுக்கும்.

தண்ணியில இறங்கும் முன்

கற்றுக்கொள்பவருக்குப் பொதுவா மேல்பகுதி மெத்தென்ற ஃபோம் போர்டுதான் கொடுப்பாங்க. அதில் பெரும்பாலும் வளையும் பிளாஸ்டிக் ஃபின் மூணு இருக்கும். அதைக் குறைவா நினைக்காதீங்க. புதுசா ஏறுறவங்க விழுறது போர்டு மேலேயும் போர்டுக்குப் பக்கத்திலேயும்தான். விறைப்பான ஃபைபர் ஃபின்னின் ஓரம் தோலைக் கிழிக்கும். விழும்போது தலையைக் கையால் மறைச்சுக்கணும்னு சொல்லிக்கொடுக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

போர்டை வாங்கினதும் மணல்ல குப்புறத் திருப்பிப் போடுங்க. ஃபின் எத்தனைன்னு எண்ணுங்க. ஓரத்து ஃபின்களின் தட்டைப் பக்கம் உள்ளே பார்க்குதா, நுனி வாலை நோக்கிச் சாயுதான்னு பாருங்க. ஒவ்வொன்றையும் பிடிச்சு ஆட்டுங்க, ஆடினால் இறுக்கச் சொல்லுங்க. விரிசல், உடைந்த நுனி இருந்தால் வேற போர்டு கேளுங்க. 'அண்ணா, என் எடை இவ்வளவு, இந்த ஃபின் சரியா?'ன்னு கேட்கத் தயங்க வேண்டாம். மொத்தமா ரெண்டு நிமிஷம் ஆகும். அப்புறம் விழுந்தால், அது நிஜமாவே பேலன்ஸ்தான். அதுக்கு ஒரே வழி, திரும்ப ஏறுறது.